மொத்தமும் பள்ளங்க!

திருத்தணிக்கு நான் முருகனைப் பார்க்கப் போவதாகத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். உண்மையில் நான் போனது ஒரு பள்ளத்தைப் பார்க்க.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் செம்புக்கம்பி சுற்றி ஓடவிட்டுத் தருவேன். கடையை விட்டு நான் எங்கேயும் நகராதவன் என்பதால்தான் அக்கா என்னைத் தேர்ந்தெடுத்தாள். இவன் போனால் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். அக்கா மகள் தாரணி சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் முரளி என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்குத் திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகை. வீட்டில் கொஞ்ச நாள் முகங்கள் வீங்கின, பிறகு வடிந்தன. கடைசியில் பையனின் அப்பா முனிரத்தினம் ஃபோனில் பேசினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். நிலபுலம் பற்றிப் பேச்சு வந்தது.

"நெலமாங்க? மூணு ஏக்கரு. மொத்தமும் பள்ளங்க! மேடுன்னு ஒரு துண்டு கூட கெடையாது" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்.

அக்கா ஃபோனை வைத்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் கிடக்கும். என் கடைத் தெருக்கோடியில் ஒருவர் பள்ளத்தை மண்கொட்டி மூடி வீடு கட்டியிருந்தார். போன வருஷம் ஆக்கிரமிப்பு என்று ஜேசிபி வந்து சமையலறை வரை தள்ளிவிட்டுப் போனது.

"மூணு ஏக்கரும் பள்ளமாமாடா! பள்ளத்துப் பொறம்போக்கப் புடிச்சு வெச்சுட்டு, வெக்கமில்லாமச் சிரிச்சுட்டே வேற சொல்றாரு" என்றாள் அக்கா. "நாளைக்கு ஜேசிபி வந்தா எம்புள்ள எங்க போயி நிப்பா? நீ போயிக் கண்ணால பாத்துட்டு வாடா சாமி."

கிளம்பும்போது தாரணி ஃபோன் செய்தாள். "மாமா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். அங்க போயி எதையும் ஒளறி வெச்சராதீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் எப்போது உளறியிருக்கிறேன்?

திருத்தணியில் மின்சார ரயிலை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோக்காரர் என் பையைத் தன் பையைப் போலவே வாங்கிக்கொண்டார். "மலைக்குத்தான சார்?" என்றார். இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருத்தணிக்கு வந்துட்டு மலைக்குப் போகாம வேற எங்க சார் போவப்போறீங்க?" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் இட்லி கேட்டேன். தொட்டுக்கொள்ள வடகறி வைத்தார்கள். எங்கள் ஊரில் வடை என்றால் வடை, குழம்பு என்றால் குழம்பு. வடையைக் கொண்டுபோய்க் குழம்பில் உதிர்த்துப் போடுவது ஏதோ தவறி நடந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தட்டு வாங்கியபோது அந்தத் தவறை மன்னித்துவிட்டேன். மூன்றாவது தட்டில் வேர்க்கடலைச் சட்னியும் வந்தது. அதன் காரம் மட்டும் மன்னிக்க முடியாதது.

பஸ்ஸில் ஏறிக் "கண்டிகைக்கு ஒண்ணு குடுங்" என்றேன்.

"எந்தக் கண்டிகை சார்?" என்றார் கண்டக்டர்.

"கண்டிகைதானுங். முன்னால ரெண்டு இங்கிலீஸ் எழுத்து வருமுங்."

"இங்க சுத்துப்பட்டுல எத்தினி கண்டிகை கீதுன்னு தெரியுமா சார்? கல்ல வுட்டு எறிஞ்சா ஒரு கண்டிகைல போயி வுழும்."

ஊர்ப் பெயரில் பாதி எனக்கு மறந்துபோயிருந்தது. தாரணிக்கு ஃபோன் செய்து கேட்டால் "பாத்தீங்களா மாமா" என்பாள். அதனால் "நீங்களே பாத்து ஒண்ணுல எறக்கி உடுங்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு வந்துபோகிறவர்களிடம் பொறுக்கிச் சேர்த்த அரைத் தெலுங்கு எனக்கு உண்டு. ஒருத்தி சொன்னாள், "பாவம், இந்த ஆளுக்கு எங்கே போகணும்னே தெரியலை." மற்றவள் சொன்னாள், "வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு வந்திருப்பாரு." நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல நடித்தேன். நடிப்பு சீக்கிரமே நிஜமாகிவிட்டது.

கண் விழித்தபோது பஸ் காலியாக நின்றிருந்தது. இறங்கினால் பொதட்டூர்பேட்டை. தெருவெல்லாம் வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம். கண்டக்டர் டீ குடித்துக்கொண்டே, "அட, உங்கள மறந்தே பூட்டேன் சார்" என்றார். மன்னிப்புக் கேட்கும் தொனியே இல்லை. நான் அந்தச் சத்தத்தில் மயங்கி நின்றிருந்தபோது ஒரு வேன் சேற்றை வாரி என் வெள்ளை வேட்டியில் இறைத்துவிட்டுப் போனது. சம்பந்தம் பேச வந்தவன் அந்தக் கோலத்தில் நிற்க முடியாது. அங்கேயே ஒரு வீட்டில் நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்ல கெட்டி லுங்கி. அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். திருத்தணிக்குத் திரும்பி லாட்ஜில் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். அக்கா ஃபோன் செய்தாள்.

"பள்ளத்தப் பாத்தியா?"

"லுங்கி வாங்கினேன்" என்றேன்.

மறுநாள் வேட்டி காயவில்லை. ஆகவே பேன்ட் போட்டுக்கொண்டு, லுங்கியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, இம்முறை இரண்டு எழுத்துகளையும் மனப்பாடம் செய்துகொண்டு கே.ஜி.கண்டிகை போய்ச் சேர்ந்தேன். தாரணி சொல்லி வைத்திருந்ததால் முனிரத்தினம் டீக்கடை வாசலிலேயே டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தார். உயரமான மனிதர், அதைவிட உயரமான குரல். ஓட்டு வீட்டில் மாடியும் எடுத்து நன்றாகவே கட்டியிருந்தார்கள். நான் வாசலில் நின்று வீட்டின் நாலு பக்கமும் ஓடை எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி சரோஜம்மா ஆந்திரா பக்கம் நகரியில் பிறந்தவர். "வாங்கண்ணா" என்று கூப்பிட்டு உட்காரவைத்து இலை போட்டார். சோறு, பருப்பு, நெய், அப்புறம் கரும்பச்சையாக ஒரு துவையல். புளிச்சகீரை என்றார்கள். எங்கள் வீட்டில் அக்கா குழம்பில் மிளகாய்த்தூளைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோலப் போடுவாள். தேங்காய்தான் பிரதானம். இந்த ஊரில் கீரைதான் மிளகாய்க்குத் துணையாக வந்திருந்தது. ஒரு கவளம் உள்ளே போனதும் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

வந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்கிற பதற்றம் வேறு. நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பள்ளம் இருக்குதுங்களே, அது பட்டா நெலமுங்களா, பொறம்போக்குங்களா?' இதுதான் வாக்கியம். இதில் ஒரு குறையும் கிடையாது. வாயைத் திறந்தேன். காரம் தொண்டையில் ஏறிப் புரையேறியது. இருமலுக்கு நடுவே வெளியே வந்தது இரண்டே சொற்கள்.

"ஏனுங்க… பொறம்போக்கு…"

எங்கள் ஊரில் புறம்போக்கு என்பது தாலுகா ஆபீஸ் வார்த்தை. அங்கே அது அடிதடி வார்த்தை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முனிரத்தினம் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "இன்னா சொன்னே?"

நான் இருமிக்கொண்டே கையை ஆட்டினேன். இல்லை என்று சொல்வதற்காக ஆட்டினேன். அது அவரைப் பார்த்து 'நீதான்' என்று சுட்டுவதுபோல ஆகிவிட்டது.

"என் வூட்டுல ஒக்காந்து, என் சோத்தத் துன்னுகினே, என்னைப் பாத்துப் பொறம்போக்குன்றியா? பொண்ணோட மாமன்னு மரியாதை குடுத்தா…"

"இல்லீங்… பள்ளம்… பொறம்போக்கு…"

"மறுபடியும் சொல்றான் பாரு சரோஜா!"

அந்த நேரத்தில் அவர் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டவரின் முகம் மாறியது. "ஏரி ரொம்பிக் கோடி போவுதாம். நம்ம கழனில தண்ணி ஏறிகினு கீதாம்" என்று மனைவியிடம் சொன்னார். ஏரி நிறைந்து உபரித் தண்ணீர் வெளியேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் வர்றதுக்குள்ள இந்தாளு பஸ் ஏறிடணும்" என்று என் தலைக்கு மேலே பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாரணியின் கல்யாணத்தை ஒரு வாய்க் கீரையோடு சேர்த்துத் தின்று தீர்த்துவிட்டேன். ஊருக்கு எப்படித் திரும்புவது, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால் இது தனியாகத் தெரியவில்லை.

சரோஜம்மா மோரைக் கொண்டுவந்து நீட்டினார். "மொதல்ல குடிங்கண்ணா. இன்னா கேக்க வந்தீங்க?"

குடித்துவிட்டு முழு வாக்கியத்தையும் சொன்னேன். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் ஓடை என்பதையும், ஜேசிபியையும், அக்காவின் பயத்தையும் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், வெகுநேரம் நிறுத்தவில்லை.

"பள்ளம்னா ஓடை இல்லண்ணா. தாழ கீற நெலம். சும்மா தட்டு மாரி சமமா இருக்கும். ஏரித் தண்ணி தானா வந்து நிக்கும், நெல்லு நடலாம். எங்க தெலுங்குல பல்லம்னுவோம். மேட்டு நெலம் மெட்ட. எனுக்குக் கல்யாணம் பேசறப்போ எங்க நைனா கேட்ட ஒரே கேள்வி அதான். மெட்டவா, பல்லமா? பல்லம்னு சொன்னதும் மாப்பிள்ளை மூஞ்சியக்கூட சரியாப் பாக்காம தாம்பூலம் மாத்திட்டாரு."

"பாத்திருந்தா?"

"பாத்திருந்தா யோசிச்சிருப்பாரு" என்றார் சரோஜம்மா.

பஸ் ஏறச் சொன்ன மனிதரைத் தேடிக்கொண்டு கழனிக்குப் போவது புத்திசாலித்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்புவதைவிட அது சுலபமாகத் தோன்றியது. பேன்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கியைக் கட்டிக்கொண்டு, சரோஜம்மா காட்டிய வழியில் நடந்தேன்.

ஊர் முடிந்து நாலு எட்டு இறங்கியதும் அது தெரிந்தது. ஏரிக்கரைக்குக் கீழே, மேடு குழி ஒன்றுமில்லாமல், கை வைத்துத் தடவிவிட்டதுபோலச் சமமாக ஒரே வெளி. தூரத்தில் மலைகள் நின்றன. சமீபத்தில்தான் நடவு முடிந்திருந்தது. ஆனால் பச்சைக்குப் பதில் வானம் தெரிந்தது. அவ்வளவு தண்ணீர். நாற்றின் நுனிகள் மட்டும் முளைத்தும் முளைக்காத மீசைபோல அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு சாண் ஏறினால் அதுவும் இருக்காது. மேட்டில் பெய்யும் மழையெல்லாம் எங்கே போகும் என்று அங்கே நின்றபோது எனக்கு விளங்கியது. ஓரத்து வாய்க்காலும் நிரம்பி வழிந்ததால் மடையைத் திறந்து வடிக்கவும் வழியில்லை. இன்ஜின் வைத்து இறைத்து வரப்புக்கு அந்தப்பக்கம் தள்ள வேண்டும்.

இன்ஜின் இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. முனிரத்தினம் முழங்கால் சேற்றில் நின்று, தண்ணீரை இழுக்கவைக்கப் பம்புக்குள் சாணியைக் கரைத்து ஊற்றி, மறுபடி இன்ஜினைச் சுற்றிவிட்டு, வராத தண்ணீரைத் தெலுங்கிலும் தமிழிலும் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வசையில் என் பெயரும் இருந்ததாக ஞாபகம்.

"காத்து இழுக்குதுங்" என்றேன் வரப்பில் நின்று.

திரும்பிப் பார்த்தார். "நீ இன்னும் போகல?"

"உறிஞ்சற ஓஸ் ஜாயிண்டுல வெடிப்பு இருக்குதுங். சத்தத்துலயே தெரியுது. காத்து போனா தண்ணி ஏறாது."

அவர் பதில் சொல்வதற்குள் சேற்றில் இறங்கிவிட்டேன். இரண்டாவது அடியிலேயே ஒரு செருப்பு உள்ளே போனது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஜாயிண்ட்டைத் தடவினேன். விரல் நுழையும் வெடிப்பு. கட்டுவதற்கு ஏதாவது கந்தல் கேட்டேன். அவர் தோள் துண்டைப் பார்த்தார். அது மெல்லிசு, நிற்காது. சுற்றிலும் வேறு துணி இல்லை. நானும் அவரும் ஒரே நேரத்தில் என் இடுப்பைப் பார்த்தோம்.

உள்ளே கோடு போட்ட அண்டர்வேர் இருந்தது, புதுசுதான். பொதட்டூர்பேட்டை லுங்கியை அவிழ்த்து இரண்டாகக் கிழித்து, நனைத்து, ஜாயிண்ட்டில் இறுக்கிச் சுற்றிக் கட்டி மேலே களிமண் அப்பினேன். அவர் இன்ஜினைச் சுற்றினார். கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு குழாய் ஒரு முறை இருமி, பழுப்பாகத் தண்ணீரைக் கக்கியது. வரப்பைத் தாண்டி விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் கடையில் எந்த மோட்டார் ஓடியதற்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று தோன்றியது.

முனிரத்தினம் வரப்பில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். தன் துண்டை எடுத்து மரியாதைக்கு என் மடியில் போட்டார்.

"இன்னாத்துக்கு என்னை அப்டி சொன்னீங்க?" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "அப்போ உங்க அக்கா கிட்ட நான், எங்க நெலம் மொத்தமும் ஓடைன்னு சொல்லிகினு இருந்திருக்கேன்" என்றார்.

"ஆமாங்."

"சிரிச்சிகினே."

"ஆமாங்."

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. "பட்டா நெலம் சார். எங்க தாத்தா காலத்துப் பட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்போ பாருங்க, மேட்டுக் கொல்லைக்காரன் வூட்டுல போத்திகினு தூங்குவான். நான் சேத்துல நிக்கறேன். ஆனா சித்திரைல வந்து பாருங்க. அவன் கொல்லை காஞ்சி கெடக்கும், இங்க நெல்லு நிக்கும். அதுக்கோசரம் இத்த பொறுத்துக்கணும்."

அக்காவுக்கு ஃபோன் செய்து, பள்ளம் என்றால் இங்கே ஏரிப் பாசன வயல், எல்லாம் பட்டா என்று சொன்னேன்.

"அத வயல்னு சொல்ல வேண்டீதுதான?" என்றாள். நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த மூச்சில், "ஏண்டா, மொத்தமும் தாழ்வுன்னா மழைக்கு முழுகாதா?" என்றாள்.

என் அண்டர்வேர் வரை இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் முழுகாது" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் காய்ந்த வேட்டியோடு, இரவல் செருப்போடு, முனிரத்தினத்தையும் சரோஜம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறிச் சாமி கும்பிட்டேன். ஊரில் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டதில் ஒரு திருப்தி. மேலேயிருந்து பார்த்தால் ஏரிகளும் கழனிகளும் துண்டு துண்டாக மின்னின. அதில் தன்னுடையது எது என்று முனிரத்தினம் காட்டினார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. "ஆங், நல்லாத் தெரியுதுங்" என்றேன். அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் 'ஆங்' அதற்குள் எனக்கும் பழகிவிட்டது.

ஸ்டேஷனுக்கும் கூடவே வந்தார்கள். ரயில் வந்து நின்றது. ஏறிக் கதவோரம் நின்றேன். சரோஜம்மா புருஷனைப் பார்த்தார், அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். கடைசியில் சரோஜம்மாவே கேட்டார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க அக்கா ஃபோன்ல, எம்பொண்ணு காட்டுக்குள்ளயே பொறந்து வளந்தவ, நாங்க குடியிருக்கறதே காட்டுக்குள்ளதான்னு சொன்னாங்க. இத்தினி நாளா கேக்கணும்னு இருந்தேன். யானை, சிறுத்தைலாம் வருமாண்ணா? பேரப்புள்ளைங்கள லீவுக்கு அனுப்பணும்ல?"

எங்கள் ஊரில் தோட்டம் தரிசு எல்லாமே காடுதான். மஞ்சளும் தென்னையும் போட்டிருக்கும் நிலத்துக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருப்பதைத்தான் காட்டுக்குள் குடியிருப்பது என்போம். இதை விளக்க நான் வாயைத் திறக்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. "காடுன்னா காடு இல்லீங்!" என்று கத்தினேன். இருவரும் பலமாகத் தலையாட்டிக் கையசைத்தார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் அவர்கள் பெண் பார்க்கக் கோபிக்கு வந்தார்கள். பூ, பழம், வெற்றிலைத் தட்டுகளுக்குப் பின்னால் முனிரத்தினம் ஒரு கனமான பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாங்கி உள்ளே பார்த்தேன். பெரிய பெரிய வெடிகள்.

"யானைக்கு" என்றார் ரகசியமாக. "நீங்க ரயில்லருந்து இன்னாவோ கத்துனீங்க. ஒண்ணும் காதுல வுழல. யானை கீதுன்னீங்களா, இல்லன்னீங்களான்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை. எதுக்கும் இருக்கட்டுமேன்னு வாங்கியாந்தோம்."

அக்கா சரோஜம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மஞ்சள் ஓங்கி வளர்ந்திருந்தது. ஓரத்தில் தென்னைகள். சரோஜம்மா அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "காடு எங்கம்மா?" என்றார்.

"இதுதானுங்க காடு" என்றாள் அக்கா பெருமையாக.

"இதுவா? இது கொல்லைம்மா!"

தோட்டப்பயிர் வைக்கும் மேட்டு நிலம் என்கிற பொருளில், மனம் நிறைந்துதான் சொன்னார். அக்காவுக்குக் கொல்லை என்ற சொல் ஒரே ஒரு வழியில்தான் தெரியும். முன்பு பக்கத்துத் தோட்டத்து வீட்டில் குடியிருந்த தஞ்சாவூர் டீச்சரம்மா அவசரத்துக்குக் 'கொல்லைக்குப் போகணும்' என்று சொல்வார். "அடடா, கொல்லைக்கிங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? கூச்சப்படாதீங்க" என்று சரோஜம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டு, விளக்கையும் போட்டுவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தாள்.

சரோஜம்மா கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டுத் திரும்பினார். புருஷன் காதருகே அவர் தெலுங்கில் சொன்னது என் அரைத் தெலுங்குக்கே எட்டியது. "மரியாதையான ஜனங்கதான். ஆனா காட்டைக் கேட்டா கக்கூஸைக் காட்டுறாங்க."

தாரணி என்னைப் பார்த்தாள். நான் எதையும் விளக்கவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து முனிரத்தினம் கையில் கொடுத்து, நல்ல நாள் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கல்யாணம் இன்றுவரை நடந்திருக்காது.